நோயெதிர்ப்பு உயிரணுக்களில் அமினோ அமில உள்ளெடுப்பு

நோயெதிர்ப்பு உயிரணுக்களில் அமினோ அமில உள்ளெடுப்பு என்பது, நோய்க்கிருமி போன்ற அயற்பொருள் ஒன்றால் தூண்டப்பட்ட வெள்ளையணுக்கள், தம்மைச் சூழ்ந்துள்ள நீர்மத்திலிருந்து அமினோ அமிலங்களைத் தம் சவ்வின் வழியாக உள்ளே கொண்டுசெல்லும் நிகழ்வைக் குறிக்கும். தூண்டப்படாத நிலையில் இவ்வுள்ளெடுப்பு மிகக் குறைவாகவே நடைபெறுகிறது. தூண்டப்பட்ட சில மணி நேரத்தில் இது பன்மடங்கு உயர்கிறது. டி உயிரணுக்களில் இந்நிகழ்வு மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பி உயிரணுக்கள், இயற்கைக் கொல்லி உயிரணுக்கள், மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள் ஆகியவற்றிலும் இதையொத்த மாற்றங்கள் காணப்படுகின்றன.

அமினோ அமிலங்கள் புரதம் கட்டுவதற்கான மூலப்பொருள்கள் மட்டுமல்ல. அவை உயிரணுவுக்கு வளரலாமா, பிரியலாமா என்பதை அறிவிக்கும் குறிகைகளாகவும் செயற்படுகின்றன. அதனாலேயே இத்துறை புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை, காசநோய், ஊட்டக்குறை ஆகியவற்றோடு நேரடித் தொடர்பு கொண்டுள்ளது.

'''பின்னணி'''

குருதியிலும் நிணநீர்க்கணுக்களிலும் சுற்றிவரும் அனுபவமற்ற டி உயிரணு மிகச் சிறியது. அதன் உள்ளிடத்தில் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருக்கும். அது மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், ஏறத்தாழ உறங்கும் நிலையில் இருக்கக்கூடியது. தனக்குப் பொருந்தும் ஆன்டிசெனைச் சந்தித்ததும் அதன் போக்கு முற்றிலும் மாறுகிறது. முதல் 24 மணி நேரம் அது பிரியாமல் பருக்கிறது. பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை எனப் பிரியத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் ஓர் உயிரணுவிலிருந்து ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்களை உருவாக்குகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னர் உயிரணுவிலுள்ள புரதம் முழுவதும் ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். இத்தனை புரதத்துக்கும் வேண்டிய அமினோ அமிலங்கள் உயிரணுவின் உள்ளே இருப்பில் இல்லை.

இதற்குத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஒப்புமையாகக் கூறலாம். அங்கு ஏற்றுமதி ஆர்டர் உறுதியான பின்னரே அதற்குரிய நூலைப் பெருமளவில் கொள்முதல் செய்வர். வராத ஆர்டருக்காக நூலை வாங்கிக் கிடங்கில் அடுக்குவது முதலை முடக்கும். டி உயிரணுவும் ஆன்டிசென் என்னும் ஆர்டர் வந்த பிறகே சவ்வில் வாயில்களை அமைத்து மூலப்பொருளை வரவழைக்கிறது. ஆனால் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. நூல் வரத் தாமதமானால் ஆலை காத்திருக்கும். டி உயிரணுவோ தூண்டப்பட்ட நேரத்தில் மூலப்பொருள் கிடைக்காவிடில் பிரிவதை நிறுத்துவதோடு, பின்னர் அதே ஆன்டிசெனைக் கண்டாலும் அசையாத நிலைக்குச் சென்றுவிடக்கூடும்.

'''ஆய்வு வரலாறு'''

ஓய்விலுள்ள வெள்ளையணுவைச் சோதனைக் குழாயில் தூண்ட முடியும் என்பதே 1960 வரை அறியப்படவில்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரையிலிருந்து எடுக்கப்படும் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் மனித நிணநீரணுக்களைப் பிரியச் செய்வதைக் காட்டினார். செங்குருதியணுக்களை ஒட்டச்செய்து நீக்குவதற்காக மட்டுமே அதுவரை அப்பொருள் பயன்பட்டு வந்தது. வாளவரைப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையிலிருந்து கிடைக்கும் கான்கனவாலின் ஏ என்ற புரதமும் இவ்வாறே செயற்படுவது பின்னர்க் கண்டறியப்பட்டது. இவ்விரு அவரைப் புரதங்களும் இன்றும் நோயெதிர்ப்பியல் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுகின்றன. (ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் வாந்தி ஏற்படுவதற்குக் காரணமும் இதே வகைப் புரதமே ஆகும்.)

1981 இல், தூண்டப்பட்ட நிணநீரணுக்களின் மேற்பரப்பில் பெருமளவு தோன்றும் ஒரு புரதம் அமெரிக்க ஆய்வாளர்களால் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிய உதவிய எதிர்ப்பொருளின் பெயரால் அது 4எஃப்2 எனப்பட்டது. பின்னர் சிடி98 என்று பெயர் பெற்றது. பல ஆண்டுகளுக்கு அது டி உயிரணு விழித்துவிட்டதைக் காட்டும் ஓர் அடையாளமாக மட்டுமே கருதப்பட்டது. அது அங்கு என்ன வேலை செய்கிறது என்பது தெளிவாகவில்லை. 1998 இல் சப்பானைச் சேர்ந்த யோஷிகட்சு கனாய் குழுவினரும் ஐரோப்பிய ஆய்வாளர்களும், சிடி98 இன் கனமான பகுதியோடு இணைந்து லியூசின் முதலிய அமினோ அமிலங்களைக் கடத்தும் மெல்லிய பகுதியை இனங்கண்டனர். அதுவே லாட்1 எனப்படும் கடத்திப் புரதம் ஆகும். அடையாளச் சின்னம் என்று கருதப்பட்டது உண்மையில் உணவு வாயிலின் நிலைக்கால் என்பது இதன் மூலம் தெரியவந்தது.

இதற்கிடையே 1980களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் நியூசோம் குழுவினர், நிணநீரணுக்கள் குளுட்டமினை மிக அதிக வேகத்தில் பயன்படுத்துவதைக் காட்டியிருந்தனர். தசை இழையங்களே குளுட்டமினின் முதன்மை உற்பத்தியிடம் ஆதலால், கடுமையான நோயில் தசை கரைவதற்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து அப்போதே எழுந்தது.

'''கடத்திப் புரதங்கள்'''

அமினோ அமிலங்கள் மின்னூட்டமும் நீர்விருப்பும் கொண்டவை. எனவே கொழுப்பாலான உயிரணுச் சவ்வைத் தாமாகக் கடக்க இயலாதவை. ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய கடத்திப் புரதம் தேவைப்படுகிறது.

இவற்றுள் லாட்1 முதன்மையானது. லியூசின், ஐசோலியூசின், வாலின், பினைல்அலனின், மெத்தியோனின், டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின் முதலியவற்றை இது கடத்துகிறது. மனித உடலால் உருவாக்க இயலாத, உணவின் வழியே பெறவேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை இப்பட்டியலில் அடங்குகின்றன. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் டோரீன் கான்ட்ரெல் தலைமையிலான குழு 2013 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். டி உயிரணுக்களில் மட்டும் லாட்1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில், ஓய்விலுள்ள டி உயிரணுக்கள் இயல்பாகவே இருந்தன. ஆனால் ஆன்டிசெனைச் சந்தித்தபோது அவற்றால் பெருகவோ, தாக்கும் வகை உயிரணுக்களாக மாறவோ இயலவில்லை. குளுக்கோசு உள்ளெடுப்பும் கூட உயரவில்லை. ஒரேயொரு வாயிலை அடைத்ததால் உயிரணுவின் வளர்சிதைமாற்றம் முழுவதும் நின்றுபோனது. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்து டி உயிரணுக்கள் உருவாவது மட்டும் இதனால் தடைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

லாட்1 பண்டமாற்று முறையில் இயங்குகிறது. ஓர் அமினோ அமிலம் உள்ளே வரும்போது மற்றொன்று வெளியே செல்ல வேண்டும். ஆகவே லாட்1 மட்டும் இருந்தால் உயிரணுவின் மொத்த இருப்பு கூடாது, வகைதான் மாறும். மாற்றுப் பண்டமாகப் பயன்படும் குளுட்டமின் போன்றவற்றை உள்ளே கொண்டுவர வேறு கடத்திகள் தேவை. ஏஎஸ்சிடி2 என்ற கடத்தியும், சோடியம் அயனியின் இழுவிசையைப் பயன்படுத்தும் ஸ்னாட்1, ஸ்னாட்2 ஆகியவையும் இப்பணியைச் செய்கின்றன. இவையும் டி உயிரணு தூண்டப்படும்போது பெருகுகின்றன. 2014 இல் ஏஎஸ்சிடி2 இல்லாத எலிகளில் அழற்சியை உண்டாக்கும் டி உயிரணு வகைகள் உருவாவது குறைந்தது காட்டப்பட்டது. குளுட்டமின் குருதிநீரில் மிகுந்துள்ள அமினோ அமிலம் ஆகும். அதன் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.5 முதல் 0.7 மில்லிமோல். ஆயினும் பிரியும் டி உயிரணுவின் தேவைக்கு முன் அது மிகையான இருப்பு அன்று.

ஆர்ஜினின் போன்ற நேர்மின்னூட்டம் கொண்டவை கேட்1 வழியாக நுழைகின்றன. சிஸ்டீன் இன்னும் சிக்கலானது. குருதியில் அது இரட்டை வடிவமான சிஸ்டினாகவே பெரிதும் உள்ளது. அனுபவமற்ற டி உயிரணுக்களால் அதைத் திறம்பட எடுக்க இயலாது. ஆன்டிசெனைக் காட்டும் கிளை உயிரணுக்கள் சிஸ்டினை எடுத்து, சிஸ்டீனாக மாற்றி, அருகில் ஒட்டியுள்ள டி உயிரணுவுக்கு வெளிவிடுகின்றன. செய்தி சொல்ல வந்தவரே சாப்பாடும் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு இது.

'''உணர்ந்தறியும் அமைப்பு'''

உயிரணு தன்னுள் போதிய அமினோ அமிலம் இருப்பதை அறியும் முதன்மைக் கருவி எம்டோர் கூட்டுப்புரதம்-1 ஆகும். லியூசின் செஸ்ட்ரின்2 என்ற புரதத்தோடும், ஆர்ஜினின் காஸ்டர்1 என்ற புரதத்தோடும் பிணைவதை 2016 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினர். இப்பிணைப்பு நிகழ்ந்தால் எம்டோர் மீதான தடை விலகுகிறது. புரத உற்பத்தி முடுக்கப்படுகிறது. மாறாக, அமினோ அமிலம் ஏற்றப்படாத கடத்தி ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் குவிந்தால் ஜிசிஎன்2 என்ற நொதி விழித்து, புரத உற்பத்தியைப் பெரிதும் நிறுத்துகிறது.

மிக் என்ற புரதம் இவ்வமைப்பில் ஒரு சுழற்சியை உருவாக்குகிறது. மிக் கடத்திப் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. ஆனால் மிக் மிக விரைவில் சிதையக்கூடியது. அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அமினோ அமிலம் வேண்டும். எனவே உள்ளெடுப்பு மிக்கைத் தாங்குகிறது, மிக் உள்ளெடுப்பைத் தாங்குகிறது. வரத்து நின்றால் சுழற்சி தானாகவே குலைந்துவிடுகிறது. இயற்கைக் கொல்லி உயிரணுக்களிலும் லாட்1, மிக் இவற்றிடையே இத்தகைய சார்பு 2018 இல் காட்டப்பட்டது.

எம்டோர் என்ற பெயருக்கே காரணமான ராபமைசின் என்னும் மருந்தின் வரலாறு இங்கு குறிப்பிடத்தக்கது. 1964 இல் கனடியக் குழு ஒன்று ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் ஆவார். 1980களில் மாண்ட்ரியலில் இருந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, அந்த நுண்ணுயிரியைக் கைவிட மனமின்றித் தம் வீட்டு உறைபெட்டியில் அவர் பாதுகாத்து வைத்தார். 1999 இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தாக அது ஒப்புதல் பெற்றது. அமினோ அமிலம் இருந்தும் இல்லாதது போல டி உயிரணுவை நம்பவைப்பதே அம்மருந்தின் செயல் என்று எளிமையாகக் கூறலாம்.

'''பட்டினி போடும் உத்தி'''

அமினோ அமிலத்தை எடுப்பது போலவே, பிறருக்குக் கிடைக்காமல் செய்வதும் நோயெதிர்ப்பின் ஒரு பகுதியாகும். 1984 இல் எல்மர் ஃபெஃபர்கார்ன், இன்டர்ஃபெரான்-காமா தூண்டிய மனித உயிரணுக்கள் டிரிப்டோஃபானைச் சிதைத்து, தமக்குள் புகுந்த டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியைப் பட்டினியால் முடக்குவதைக் கண்டறிந்தார். சிதைக்கும் நொதி ஐடிஓ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது.

காசநோய்க் கிருமியிடம் இவ்வுத்தி பலிப்பதில்லை. டிரிப்டோஃபான் கிடைக்காதபோது அக்கிருமி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமியின் இத்தயாரிப்பைத் தடுத்தபோது டி உயிரணுக்களின் தாக்குதலுக்கு அது எளிதில் இலக்கானது. மனிதரோ டிரிப்டோஃபானை உணவிலிருந்தே பெற வேண்டியவர்கள். இப்போட்டியில் கிருமிக்குச் சொந்தத் தோட்டம் உண்டு, நமக்குக் கடைதான்.

1998 இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் ஆகியோர் ஐடிஓ நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது, தந்தை வேறு மரபினத்தைச் சேர்ந்ததாக இருந்த கருக்கள் தாயின் டி உயிரணுக்களால் அழிக்கப்பட்டன. நச்சுக்கொடி டிரிப்டோஃபானைச் சிதைத்துத் தாயின் டி உயிரணுக்களை அடக்கிவைக்கிறது என்ற விளக்கம் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் பின்னர் ஐடிஓ மரபணுவே இல்லாத எலிகளும் இயல்பாகக் குட்டி ஈன்றதால், அவ்விளக்கம் முழுமையானதல்ல என்று கருதப்படுகிறது.

புற்றுக்கட்டிகளும் இதே உத்தியைக் கையாளுகின்றன. கட்டியைச் சூழ்ந்த சில வெள்ளையணுக்கள் ஆர்ஜினேஸ் நொதியால் ஆர்ஜினினைச் சிதைக்கின்றன. அப்போது டி உயிரணுவின் ஏற்பியில் உள்ள ஒரு முக்கியச் சங்கிலி குறைந்து, அது ஆன்டிசெனை உணரும் திறனை இழக்கிறது. புற்றணுக்கள் மெத்தியோனினை டி உயிரணுக்களை முந்திக்கொண்டு உறிஞ்சுவது 2020 இல் விளக்கப்பட்டது. இவ்வறிவைக் கொண்டு ஐடிஓ தடுப்பு மருந்தான எபகாடோஸ்டாட் உருவாக்கப்பட்டது. எனினும் 2018 இல் தோல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்ட ஆய்வில் அது கூடுதல் பயன் தரவில்லை.

'''காசநோயும் உணவும்: சென்னை முதல் ஜார்க்கண்ட் வரை'''

கடும் புரத–ஆற்றல் குறைபாடுள்ள குழந்தைகளில் தைமசு சுரப்பி சுருங்குவதும், காசநோய்க்கான டியூபர்குலின் தோல் சோதனை பொய்யாக எதிர்மறை காட்டுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. குவாசியோர்கர் என்னும் இக்குறைபாட்டைத் தென்னிந்தியாவில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் சேலத்தில் 1918 இல் பிறந்த சி. கோபாலன் முதன்மையானவர். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அவர் பணியாற்றினார். அந்நிறுவனம் பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

ஆனால் தமிழ்நாட்டில் நடந்த புகழ்பெற்ற ஓர் ஆய்வு இதற்கு மாறான செய்தியைத் தந்ததாகத் தோன்றும். 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் (பின்னாளில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை வழங்கியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களின் உணவு புரதத்திலும் ஆற்றலிலும் குறைவானது, வீடுகளும் நெரிசலானவை. 1959 இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படவும், வீட்டு மருத்துவம் பரவவும் இவ்வாய்வு வழிவகுத்தது. ஏழை நோயாளிகளுக்கு அது பெரும் நன்மை. அதே வேளையில், காசநோய்க்கு உணவு பொருட்டல்ல என்ற தவறான எண்ணமும் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது.

உண்மையில் அவ்வாய்வு விடை தேடியது, மருந்து கிடைத்தவர் குணமாக உணவு இன்றியமையாததா என்ற கேள்விக்கு மட்டுமே. நோய் வராமல் காக்க உணவு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கிடைக்க 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை, அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று, சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்புடன் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வை நடத்தினர். 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவு வீட்டாருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 கிலோ கலோரியும் 23 கிராம் புரதமும் தரக்கூடிய உணவுப் பொருள்களும் நுண்சத்துகளும் வழங்கப்பட்டன. 2023 இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, அவர்களிடையே எல்லா வகைக் காசநோயும் 39 விழுக்காடும், தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. இதே ஆய்வில், மருத்துவத்தின் முதல் இரு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டில் 2022 இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் கீழ், நோய் கண்டறியப்பட்ட உடனேயே மிகக் கடுமையான ஊட்டக்குறை, மூச்சுத் திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவை சோதிக்கப்பட்டு, அத்தகையோர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். இதற்குத் தேவையான கருவிகள் எடைகாட்டி, உயர அளவுகோல், ஆக்சிசன் அளவி போன்ற எளியவையே. இந்திய அரசு காசநோயாளிகளின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் இது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

உணவால் கிடைத்த இப்பயனில் டி உயிரணுக்களின் அமினோ அமில உள்ளெடுப்புக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை இவ்வாய்வுகள் அளக்கவில்லை. ஆற்றல், கொழுப்பு இழையம் சுரக்கும் லெப்டின், துத்தநாகம், உயிர்ச்சத்துகள் எனப் பல காரணிகள் ஒன்றாகச் செயற்படுகின்றன. லாட்1 நீக்கப்பட்ட எலியிலிருந்து பருப்புக் கிண்ணத்துக்கு நேர்க்கோடு போட்டுவிட இயலாது.

'''மருத்துவப் பயன்பாடுகள்'''

இரத்தப் புற்றுநோய்க்கு, குறிப்பாகக் குழந்தைகளிடம், நெடுங்காலமாகப் பயன்படும் அஸ்பரஜினேஸ் மருந்து, குருதியிலுள்ள அஸ்பரஜினைச் சிதைத்துப் புற்றணுக்களைப் பட்டினி போடுகிறது. 1953 இல் ஜான் கிட், கினியா எலியின் குருதிநீர் சில நிணநீர்க்கட்டிகளை அழிப்பதைக் கண்டதே இதன் தொடக்கம். தூண்டப்பட்ட டி உயிரணுக்களும் முதல் நாளில் அஸ்பரஜினை வெளியிலிருந்தே பெறுகின்றன. எனவே இம்மருந்து நோயெதிர்ப்பையும் குறைக்கிறது.

குளுட்டமின் நோயெதிர்ப்பணுக்களுக்கு இன்றியமையாதது என்றால், நோயாளிக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்தால் நலமடைவாரல்லவா என்று எண்ணத் தோன்றும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான 'ரெடாக்ஸ்' ஆய்வில், குளுட்டமின் பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்குள் நேர்ந்த இறப்பு குறைவதற்கு மாறாக அதிகரித்திருந்தது. நோயெதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் அமினோ அமிலத் தூள்களை மதிப்பிடும்போது இவ்வாய்வை நினைவிற் கொள்வது நலம். குறைபாட்டை நிரப்புவதும், குறைபாடு இல்லாத இடத்தில் மேலும் கொட்டுவதும் ஒன்றல்ல.

'''அளவிடும் முறைகள்'''

டிரிட்டியம் அல்லது கார்பன்-14 சேர்க்கப்பட்ட அமினோ அமிலத்தை உயிரணுக்களுக்குக் கொடுத்து, சில நிமிடங்களில் உள்ளே சென்ற கதிரியக்கத்தை எண்ணுவது மரபான முறையாகும். இதில் இலட்சக்கணக்கான உயிரணுக்களின் சராசரியே கிடைக்கும். 2018 இல் டண்டீ குழுவினர் வேறொரு வழியைக் கண்டனர். டிரிப்டோஃபான் சிதைவதால் உண்டாகும் கைனுரெனின் லாட்1 வழியாகவே உயிரணுவுக்குள் நுழைகிறது. ஊதா நிற லேசர் ஒளி பட்டால் தானே ஒளிர்கிறது. எனவே ஒவ்வோர் உயிரணுவின் உள்ளெடுப்பையும் தனித்தனியே, கதிரியக்கம் இன்றி, ஓட்ட உயிரணு அளவி கொண்டு அளக்கலாம். ஒரே நிணநீர்க்கணுவில் அருகருகே உள்ள டி உயிரணுக்களிடையே கூட உள்ளெடுப்பு எவ்வளவு மாறுபடுகிறது என்பதை இம்முறையால் காண முடிகிறது.

2019 இல் லாட்1, சிடி98 கூட்டமைப்பின் முப்பரிமாண வடிவம் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளிப்படுத்தப்பட்டது. அவ்வடிவத்தைக் கொண்டு, வாயிலை அடைக்கும் புதிய மருந்து மூலக்கூறுகளை வடிவமைக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.